கைக்குழந்தைகளுக்கான மாண்டிசோரிப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று நீளும் இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில், குழந்தை தானே செய்து கற்கும் மாண்டிசோரி முறையில் ஆசிரியை ஆக விரும்பும் பெண்கள் செய்யும் முதல் தவறு, எந்த வயதுக் குழந்தைகளுக்கான பயிற்சி என்று கேட்காமலே கட்டணம் செலுத்திவிடுவது. இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ நடக்கவும் பேசவும் தெரிந்த குழந்தைகளுக்கானது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்துக்குத் தனிப் பயிற்சி 1947இல்தான், அவருடன் பணியாற்றிய அடேல் கோஸ்தா ஞோக்கியின் முயற்சியால், அதே ரோமில் தொடங்கியது. மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான பயிற்சியை மட்டும் பெற்றவர், ஒன்றரை வயதுக் குழந்தையின் முன், பெரிதிலிருந்து சிறிதாகக் கட்டைகளை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரத்தை வைத்துவிட்டு, அது கட்டைகளை வீசுகிறதே என்று வருந்துவதில் குழந்தையின் பிழை எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, உடை மாற்றுவதும் கழுவிவிடுவதும் ஊட்டுவதும் ஆயாவின் வேலை, பாடம் நடத்துவதே ஆசிரியையின் வேலை என்று எண்ணுவது. படித்த பெண் இதற்கா என்று வீட்டாரும் கேட்பார்கள். ஆனால் இந்தப் பருவத்தில் பாடம் நடப்பதே அங்குதான். தொடுவதற்கு முன் “உன் காலைத் தூக்கப் போகிறேன்” என்று சொல்லி, குழந்தை தன் காலைத் தானே அசைக்கும் வரை காத்திருக்கும் ஆசிரியையிடம், மொழி, தன் உடலைப் பற்றிய அறிவு, பெரியவர்மீதான நம்பிக்கை ஆகிய மூன்றையும் அந்தக் குழந்தை ஒரே நேரத்தில் பெறுகிறது. நிற்கத் தொடங்கிய குழந்தையைப் படுக்கவைத்து மாற்றுவதும் சரியல்ல. சிறு முக்காலியில் உட்கார்ந்து, ஜட்டியின் ஒரே துளையில் இரு கால்களையும் நுழைத்து, இழுத்து, மறுபடி கழற்றிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நம் கை குறுக்கே போகக் கூடாது. அப்போது அவசரப்படுத்தும் ஆசிரியை, பயிற்சியில் எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும், இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பயிற்சியின்போது குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதும் நேரத்தை வீண் என்று கருதிப் பக்கத்தில் இருப்பவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவதும் பரவலான தவறு. “குழந்தை அடம் பிடித்தது” என்பது நம் தீர்ப்பு. “டப்பாவின் மூடியைத் திறந்தது, மூடியது, எடுத்தபோது அழுதது” என்பதே குறிப்பு. இரண்டாவதைப் படித்தால்தான் மூடியை இன்னும் சற்று நேரம் விட்டுவைத்திருக்கலாம் என்பது புலப்படும்.

பொருள்களைப் பொறுத்தவரை, விலை உயர்ந்தவற்றை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கரைவிட, குழந்தை தானே எழுந்து பிடித்துத் தள்ளும் நம் மர நடைவண்டி இந்த முறைக்கு மிகவும் பொருத்தமானது. அதே சமயம், உள்ளூரில் கிடைப்பதெல்லாம் உகந்ததும் அல்ல. குருவாயூர் கோயிலின் உருளியில் குழந்தைகள் அளைந்து மகிழும் மஞ்சாடிக்குரு என்னும் சிவப்பு விதைகளைக் கண்டு, அவற்றைக் கிண்ணத்தில் கொட்டி விளையாடக் கொடுப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் அவை தொண்டையில் சிக்கும். குன்றிமணியோ கொடிய நஞ்சு. வகுப்பறைக்குள்ளேயே வரக் கூடாது.

கடைசியாக, மொழி. பாட்டியிடம் மலையாளமும் அம்மாவிடம் தமிழும் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கலந்து பேசுவது இயல்பு. அதைத் திருத்தவோ, ஆசிரியைக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் ஒற்றைச் சொற்களை ஒப்பிக்கவைக்கவோ வேண்டாம். ஓர் ஆசிரியை தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும், முழு வாக்கியங்களில், குழந்தை கையில் வைத்திருக்கும் பொருளைப் பற்றியே பேசினால் போதும்; எந்த மொழியை யாரிடம் பேசுவது என்பதைக் குழந்தையே பிரித்தறிந்துகொள்ளும்.