தீயணைப்பு வீரர்களின் உடல் பரிசோதனை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் தக்கலையில் ஒரு டீக்கடையில் புதிதாகச் சேர்ந்த மூன்று தீயணைப்பாளர்களைப் பார்த்தேன். உடல் பரிசோதனை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார்கள். "ரிப்போர்ட் எங்க மக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி. அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்." சுரீர் என்றது. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் இருந்தேன்.

வெறும் வயிற்றோடு போவது, முந்தின நாள் தூங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

முதல் தாளைத் தொலைப்பது

ஸ்பைரோமெட்ரி என்றால் குழாயில் முழு பலத்தோடு ஊதும் சோதனை. முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் வயதும் உயரமும் உள்ளவர்களின் சராசரியோடு அதை ஒப்பிட்டு, 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் 'நார்மல்' என்று எழுதிவிடுவார்கள். கோளாறு இங்கேதான். இந்த வேலைக்கு வருகிறவன் ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி வந்தவன். அவன் நுரையீரல் சராசரிக்கு மேலேயே இருக்கும். 115-இல் தொடங்கியவன் 88-க்கு இறங்கினாலும் தாளில் 'நார்மல்' என்றுதான் இருக்கும். கிட்டத்தட்ட கால்வாசி போயிருக்கும், ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அதுதான் நடந்தது. முதல் தாளைத் தகரப்பெட்டிக்கு அடியில் போட்டேன், ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. அப்புறம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை, தும்பு ஆலை, குளச்சலில் ஃபைபர் வள்ளம் என்று எத்தனையோ தீ. ஒரு நாள் குமாரகோவில் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்னிடம் பதில் இல்லை. ஊதச் சொன்னார், நார்மல். வயசாகுது, எடையைக் குறையுங்கள் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு வருடம் கழித்து வேறொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதவைத்து, எண் இறங்கிக்கொண்டே போவதைக் கண்டுபிடித்தார். அந்த ஒற்றைத் தாள் இருந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம். இன்றைக்கும் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணிக்கிறவனைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும்.

'நார்மல்' என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், லிட்டர் கணக்கைப் பாருங்கள். புகை பிடிக்காத ஆரோக்கியமான ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 30 மில்லி குறைவது இயல்பு. ஒரே வருடத்தில் 15 சதவீதம் இறங்கினால் அடுத்த வருடம் வரை காத்திருக்கக் கூடாது. தாளைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

சளியோடு ஊதுவது

தேதியை மாற்றுங்கள்.

விரலில் மாட்டும் கருவியை நம்புவது

ரப்பர் ஒட்டுப்பால் கிடங்கு ஒன்றில் தீயை அணைத்துவிட்டு வெளியே வந்த தோழனுக்குத் தலை பிளந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் 99. "உனக்கு டீ குடிக்கணும், அதான்" என்று கிண்டல் செய்தோம். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தச் சின்னக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும், அதையும் உடனே. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் காலையில் எடுத்தால் ரத்தம் சுத்தமாக இருக்கும், நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

என்ன எரிந்தது என்று எழுதாதது

"புகை பட்டது சார்" என்றால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. ஐஸ் பிளான்ட் அம்மோனியா அப்போதே கண்ணையும் தொண்டையையும் எரித்துக் காட்டிக்கொடுக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படி இல்லை. முதலில் இருமலோடு அடங்கி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்த தூசி 20, 30 வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தேதி, இடம், எரிந்த பொருள், எத்தனை நிமிடம், பி.ஏ. செட் (முதுகில் மாட்டும் சுவாசக் கருவி) போட்டிருந்தோமா, தீ அடங்கிக் கிளறும்போது கழற்றினோமா... இரண்டு வரி போதும்.

சிறுநீரில் ரத்தத்தை 'சூடு' என்று விடுவது

2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. போதுமான சான்று இருப்பதாக அது சொன்னவை இரண்டு: நுரையீரல் உறை போன்ற சவ்வுகளில் வரும் மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்று. இரண்டாவது பெரும்பாலும் வலியே இல்லாமல் ஒரு தடவை சிவப்பாகக் காட்டிவிட்டு மறைந்துவிடும். நம் ஊரில் உடனே இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். குடியுங்கள், தப்பில்லை. குடித்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஓய்வு பெற்றதும் நிறுத்துவது

நான் இன்னும் போகிறேன். தாள்கள் இப்போது எவர்சில்வர் டப்பாவில்.