மதுரை வெளிச்சத்தை விண்வெளித் தூசி என்று காட்டியது முதலான தவறுகள்

தை மாதம், விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று, சித்தப்பா மகனிடம் கீழ்வானத்துச் சாம்பல் வெளிச்சத்தைக் காட்டி, "இதுதான்டா ராசிமண்டல ஒளி" என்று கால்மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அண்ணா, அது மதுரை."

மதுரையேதான். இங்கிருந்து மதுரை கிழக்கே, கொஞ்சம் தெற்கு ஒதுங்கி இருக்கிறது. தை மாதச் சூரியன் உதிப்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில். ஊர் வெளிச்சத்தை ராசிமண்டல ஒளி என்று நினைப்பதுதான் மலைமேல் நடக்கும் முதல் தவறு.

வால்மீன்கள் உதிர்த்ததும் சிறுகோள்கள் மோதிச் சிதறியதுமான தூசி, கோள்கள் சுற்றும் அதே தளத்தில் சூரியனைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறது. பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரையுள்ள துகள்கள். அவற்றில் பட்டுச் சிதறும் வெயில்தான் ராசிமண்டல ஒளி, சுருக்கமாகத் தூசி ஒளி. சூரியன் நகரும் பாதையில், அதாவது மேஷம், ரிஷபம் என்று நாம் எண்ணும் ராசிகளின் வழியே தெரிவதால் இந்தப் பெயர். வானியலாளர் காசினி 1683-ல் இதை ஆராய்ந்தார். இஸ்லாமிய மரபில் ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்கு நேரம் கணிப்பவர்கள் இதை வெகுகாலமாகவே பொய் வைகறை என்று பிரித்துவைத்திருக்கிறார்கள்: மேல்நோக்கி நீண்டு நிற்பது பொய், அடிவானத்தோடு அகலமாகப் படர்வது மெய். நான் காட்டியதோ எழுந்து நிற்கவே இல்லை, தாழ்வாகக் கவிழ்த்த சட்டி மாதிரி கிடந்தது. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஊர் வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும். தூசி ஒளி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்திருக்கும்.

அடுத்தது, எப்போது பார்ப்பது என்பதில் வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே நம்புவது. "வசந்தத்தில் மாலை, இலையுதிர்காலத்தில் அதிகாலை" என்பது வடக்கே தள்ளி இருப்பவர்களுக்கு எழுதியது. லண்டனில் செப்டம்பர் மாலையில் ராசிப்பாதை அடிவானத்தோடு 15 டிகிரி அளவுக்குத்தான் எழும்பும், ஒளி அடிவான மூட்டத்திலேயே அமுங்கிவிடும். கொடைக்கானல் 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே எந்த மாதமும் அந்தச் சாய்வு 56 டிகிரிக்குக் கீழே இறங்காது. நம்மைத் தடுப்பது கோணம் அல்ல, மேகம். இரண்டு மழையும் ஓய்ந்த தை, மாசி, பங்குனிதான் தோது. அதிலும் மாசி மாலையைச் சொல்வேன். ஒளி மீனம், மேஷம் வழியாகக் கார்த்திகைக் கூட்டத்தை நோக்கிச் சாய்ந்து ஏறும், பால்வீதி சற்றுத் தள்ளி மேலே இருக்கும். தை அதிகாலையில் இரண்டும் தனுசு, விருச்சிகம் பக்கம் ஒன்றோடொன்று குழம்பும்.

அமாவாசைக்குப் பிறகு வரும் மாலைகளையும் நம்பாதீர்கள். மூன்றாம் பிறை, நான்காம் பிறை எல்லாம் சரியாக அந்த ஒளிக்குள்ளேயே வந்து உட்காரும். மாலைக்குத் தேய்பிறை சப்தமியிலிருந்து அமாவாசை வரை, அதிகாலைக்கு அமாவாசை முதல் வளர்பிறை அஷ்டமி வரை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்பலாம். சூரியன் விழுந்து கால்மணியில் "ஒன்றும் தெரியவில்லையே" என்று வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. அந்தி முழுக்க அடங்க இங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கொடைக்கானலை அடுத்த மன்னவனூர்ப் பக்கம் மேற்கே திறந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். காட்டுமாடு வரும் பாதை என்பதால் வண்டியை விட்டு விலக வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் போனைத் தொடாதீர்கள். தொலைநோக்கி உதவாது, இது அகலமான ஒளி. ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல் பார்வையை இடமும் வலமும் மெல்ல ஓட்டினால் பட்டென்று பிடிபடும். ஊதா, ஆரஞ்சு என்று படங்களில் பார்ப்பதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது வெயிலின் நிறமே, மங்கலாக.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, விண்வெளிக்குப் போனால் பளிச்சென்று தெரியாதா?" என்று கேட்பார்கள். பாதி சரி. காற்று இல்லாததால் 1994-ல் கிளமென்டைன் விண்கலம், நிலவைக் கொண்டே சூரியனை மறைத்து அருமையாகப் படமெடுத்தது. ஆனால் பூமியின் விளிம்பில் பச்சையாகப் படிந்து தெரிவதைத் தூசி ஒளி என்று பகிர்கிறார்களே, அது நம் வளிமண்டலத்தின் சொந்த மினுக்கம்.

மீதிப் பாதிதான் பெரிய தவறு: மேலே போனால் தூசியை விட்டு வெளியே வந்துவிடலாம் என்பது. தூசி நமக்கும் சூரியனுக்கும் நடுவே தொங்கும் திரை அல்ல, பூமியே அதற்குள்தான் ஓடுகிறது. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அதற்குள்தான். வெயிலில் சூடான தூசி அகச்சிவப்பில் தானே ஒளிர்வதால், அதைக் கழித்துத்தான் தொலைதூர விண்மீன் மண்டலங்களை அளக்கிறார்கள். ஹீலியோஸ் விண்கலங்கள் இரண்டும் சூரியனை நோக்கிப் போகப் போக ஒளி கூடியது. 1972-ல் கிளம்பிய பயனியர் 10 விண்கலம் எதிர்த்திசையில் போனது. சிறுகோள் பட்டையைக் கடந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 3.3 மடங்கு தாண்டிய பிறகுதான் அதன் கருவிக்கு அந்த ஒளி எட்டாமல் போயிற்று.