காற்றாலைக் கோபுரத்தில் ஸ்ட்ரெயின் கேஜ்: ஷண்ட் காலிபரேஷனுக்கு வயரிங் செய்வது எப்படி?

ஸ்ட்ரெயின் கேஜ் என்பது, ஒட்டிய இரும்பு நீள்வதையும் அமுங்குவதையும் மின்தடை மாற்றமாகக் காட்டும் சிறு தகடு. பணகுடி, இராதாபுரம், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைக் கோபுரங்களில் கேஜுக்கும் அளவைப் பதியும் லாகருக்கும் நடுவே 30 மீட்டர் கேபிள் ஓடுவது சாதாரணம். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் ஒரு வழிக்கு 2.5 ஓம். தொல்லை எல்லாம் இந்த 2.5 ஓமில்தான்.

கேஜ் 350 ஓமாகவே வாங்குங்கள். 120 ஓம் கேஜில் வயர் செய்யும் கெடுதல் மூன்று மடங்கு. இரண்டு வயரோடு நிறுத்தவே கூடாது: வெயிலில் கேபிள் 10 டிகிரி சூடேறினால், 350 ஓம் கேஜிலேயே சுமார் 280 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒன்று என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) சும்மா ஏறிவிடும். மூன்று வயர் போடுங்கள். கேஜின் ஒரு முனையிலிருந்து ஒன்று, மறுமுனையிலிருந்து இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, லாகருக்குள் கேஜுக்குச் சமமாக இருக்கும் டம்மி ரெசிஸ்டருக்கு, இன்னொன்று சிக்னலுக்கு. மூன்றும் ஒரே கேபிளுக்குள், ஒரே நீளத்தில் இருக்கட்டும். ஷீல்டை லாகர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இனி ஷண்ட்: கேஜுக்குக் குறுக்கே மதிப்பு தெரிந்த ரெசிஸ்டரை வைத்து, வர வேண்டிய ரீடிங் வருகிறதா என்று பார்ப்பது. கேஜ் ஃபேக்டர் (ஸ்ட்ரெயினைப் போலத் தடை எத்தனை மடங்கு மாறும் என்ற எண்) 2.0 உள்ள 350 ஓம் கேஜுக்குக் குறுக்கே 174.65 கிலோ ஓம் வைத்தால் 1000 மைக்ரோஸ்ட்ரெயின், அமுக்க விசைப் பக்கம். ஃபேக்டர் 2.1 என்றால் 952. கேஜ் பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணையே எடுங்கள். ரெசிஸ்டர் 0.1 சதவீதத் துல்லியம் உள்ளதாக இருக்கட்டும்.

பலர் வழுக்குவது இங்கேதான்: லாகர் டெர்மினலிலேயே, சிக்னல் வயருக்கும் சப்ளைக்கும் நடுவே ஷண்டை மாட்டிவிடுவார்கள். கரண்டே ஓடக் கூடாத சிக்னல் வயரில் ஷண்ட் கரண்ட் ஓடும். 350 ஓமில் கிட்டத்தட்ட 3 சதவீதம், 120 ஓமில் 8 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி லாகரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தால், பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவும் அத்தனை குறையும்.

சரியான வழி, கேஜின் இரு முனையிலிருந்தும் ஷண்டுக்கென்றே தனியாக இரண்டு வயர் இறக்குவது. ஆக மொத்தம் ஐந்து. 174 கிலோ ஓமுக்கு முன்னால் இந்த இரண்டு வயரின் 5 ஓம் ஒன்றுமே இல்லை. கூடுதல் வயருக்கு வழியில்லையா? லாகருக்குள் இருக்கும் டம்மியின் இரு முனைக்கு நேராக ஷண்டை வையுங்கள். சுற்றின் அந்தப் பக்கத்திலும் அதே வயர் இருப்பதால் கேபிள் இழப்பும் கணக்கில் வந்துவிடும். குறி மட்டும் இழுவிசைப் பக்கம் மாறும்.

காற்று சீசனில் என்றால் மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். முதலில் பூஜ்யம், பிறகு ஷண்ட், கெயின், ஷண்டை எடுத்து மறுபடி பூஜ்யம். ரெசிஸ்டர் முனைகளை விரலால் பிடிக்காதீர்கள், உடம்பும் இணையாகச் சேர்ந்துகொள்ளும்.

பூஜ்யம் திரும்பாவிட்டால் சாலிடரையும் ஈரத்தையும் பாருங்கள். கூடங்குளம், உவரி போன்ற கடலோரத்தில் உப்பீரம் சேர்ந்து கேஜுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் கசிந்தால், அதுவே 175 மைக்ரோஸ்ட்ரெயின். ஃப்ளக்ஸைக் கழுவி, உலர்த்தி, அதன்பின் கோட்டிங் போடுங்கள். கேஜுக்கும் இரும்புக்கும் நடுவே 1 ஜிகா ஓமாவது வேண்டும். 500 வோல்ட் மெகர் (காப்புத் தடை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்தால் கேஜ் போய்விடும், 50 வோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

பசை பிடிக்காத கேஜும் ஷண்டில் அழகாக 1000 காட்டும். கோட்டிங் போடும் முன் பென்சில் ரப்பரால் கேஜை லேசாக அழுத்தி விடுங்கள். ரீடிங் பழைய இடத்துக்கு வராவிட்டால் உரித்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள்.