நெடுநடையின் எழுதப்படாத விதிகளை மீறுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதன்முறை நடப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

முதுகில் மூட்டையுடன் பல நாள்கள் ஊர்விட்டு ஊர் நடப்பவர்களிடையே சில விதிகள் வாய்மொழியாகவே உலவுகின்றன. முழுத் தூரத்தையும் ஓரடி விடாமல் நடக்க வேண்டும். சுமையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு பெருமை. விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். வழியில் வண்டி ஏறக் கூடாது. பாதியில் திரும்பினால் அது தோல்வி. இவற்றுள் பல அமெரிக்க, ஐரோப்பிய நெடும்பாதைகளில் உருவாகி, காணொளிகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் முதன்முறையாக நடக்கத் திட்டமிடும் ஒருவர் இவற்றை அப்படியே கடைப்பிடித்தால் பெரும்பாலான இடங்களில் உடம்பு கெடும். ஓரிரு இடங்களில் உயிருக்கே ஆபத்து நேரும். எதை மீறலாம், எதை மீறியே ஆக வேண்டும், எதில் கைவைக்கவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வழியை வைத்துக்கொள்வோம்: இராயக்கோட்டையில் தொடங்கி, மாரண்டஅள்ளி, பாலக்கோடு வழியாகத் தருமபுரி. இந்த நான்கு ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு, பேருந்தும் உண்டு. முடியவில்லை என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வசதியுள்ள வழி என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் நடக்க ஏற்றவை. மார்ச் பிறந்த பிறகு இந்தப் பக்கத்து வெயிலில் பகல் நடையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: சட்டத்தையும் வழக்கத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்

விதியை மீறுவது என்றதும் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதுதான் பலர் நினைவுக்கு வருகிறது. அது எழுதப்படாத விதி அன்று, எழுதப்பட்ட சட்டம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் நுழைவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காப்புக்காடுகளுக்கும் வனத்துறையின் அனுமதி தேவை. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. அத்தனை உயிர்களைக் கொடுத்த பிறகு வந்த விதிகளை மீறுவதில் எந்தத் துணிச்சலும் இல்லை.

எழுதப்படாத விதிகளிலும் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பிறரைக் காப்பது. மற்றது நடப்பவரின் பெருமையைக் காப்பது. எந்த விதியைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை மீறினால் நட்டம் யாருக்கு? உங்கள் பெருமைக்கு மட்டும்தான் என்றால் தயங்காமல் மீறுங்கள். ஏரியில் தண்ணீர் எடுப்பவருக்கோ, ஆடு மேய்ப்பவருக்கோ, உங்களுக்குப் பின்னால் அதே வழியில் வருபவருக்கோ நட்டம் என்றால் மீறாதீர்கள். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மலம் கழித்து மூடுவது. குப்பையைத் திரும்ப எடுத்துவருவது. காய்ந்த புல் உள்ள இடத்தில் தீ மூட்டாமல் இருப்பது. ஒற்றையடிப் பாதையில் மேலேறி வருபவருக்கு இறங்குபவர் ஒதுங்கி வழிவிடுவது. இவை எல்லாம் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாதவை. நம் வழியில் ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் பேருந்து நிலையக் கழிப்பறையைப் பயன்படுத்துவது குழி தோண்டுவதைவிட நல்லது. ஏரிக்கரையை எக்காரணம் கொண்டும் கழிப்பிடமாக்காதீர்கள்.

படி 2: ‘ஓரடியும் விடாமல்’ என்பதை முதலில் மீறுங்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ளது. வழி நெடுக மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். கிளைப்பாதைகளுக்கு நீலப் பட்டை. ஒரு வெள்ளைப் பட்டையைக்கூட விடாமல் கடந்தால்தான் நடந்ததாகக் கணக்கு என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அங்கே உண்டு. நீலப் பட்டைவழியே போய்வந்தவரையும், இடையில் வாகனம் ஏறியவரையும் ஒரு படி தாழ்வாகவே பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பாதையைப் பேணும் அமைப்பு, முழுப் பாதையையும் நேர்மையாக நடந்து முடித்தவருக்கு அங்கீகாரம் வழங்கும்போது, எந்தத் திசையில் நடந்தார், எந்த வரிசையில் நடந்தார், எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், முதுகில் மூட்டை இருந்ததா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பாதையைப் பேணுபவர்களே கேட்காததை நாம் ஏன் நம்மீது சுமத்திக்கொள்ள வேண்டும்?

ஆகவே உங்கள் வழியைத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இராயக்கோட்டையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பாலக்கோட்டில் தொடங்கி மாரண்டஅள்ளி வரை ஒரு நாள் நடந்துவிட்டு, ரயிலிலோ பேருந்திலோ வீடு திரும்பி, அடுத்த வாரம் மறு துண்டை எடுத்துக்கொள்ளலாம். இராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறிப் பார்ப்பதற்காக அரை நாளை ‘வீணாக்கினால்’ அதுவும் நடைதான். 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்புவின் படைகளிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. மேலிருந்து பார்த்தால் நீங்கள் நடக்கப்போகும் நிலம் விரிந்து தெரியும். வரைபடத்தை விரித்து ஊர்களை அடையாளம் பார்த்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இந்த வழியில் இல்லை.

படி 3: உடுப்பும் செருப்பும்

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ், பாலியஸ்டர் உடை, விலையுயர்ந்த மழைச்சட்டை ஆகியவை இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது மற்றொரு விதி. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், தம் 67-ஆம் வயதில் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவர் காலில் இருந்தது சாதாரணக் கான்வாஸ் ஷூ. தோளில் இருந்தது அவரே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரையைப் போர்த்திக்கொண்டார்.

‘பருத்தி உடுத்தாதே’ என்ற விதி குளிர் நாட்டுக்கு முழுக்க முழுக்கச் சரி. நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே அது உயிர்ப் பிரச்சினை. நம் சமவெளியின் உலர்ந்த வெயிலில் அந்த ஈரம்தான் உடலைக் குளிர்விக்கிறது. தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை நல்ல தேர்வு. வத்தல்மலை போன்ற உயரத்தில் மார்கழி இரவைக் கழிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மாற்றுடை ஒன்றை நனையாமல் வைத்திருங்கள். காலுறையில் மட்டும் பருத்தி வேண்டாம், அது வியர்வையைத் தேக்கிக் கொப்புளத்தை வரவழைக்கும். பழகிய ஓட்டக் காலணி போதும். நடைப்பயணத்தில் குடையா என்று கேட்பவர்களைப் பொருட்படுத்தாமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள். புளியமரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்திவிட்ட இடங்களில் உங்கள் நிழலை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

படி 4: சுமையைக் கூட்டுங்கள், தண்ணீரில் மட்டும்

உணவும் நீரும் நீங்கலாக மூட்டையின் எடை 4.5 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பது எடைகுறைப்பு நடையாளர்களின் அளவுகோல். ஊருக்கு ஊர் உணவும் தங்குமிடமும் கிடைக்கும் நம் வழியில் அந்த எடை எளிதில் வந்துவிடும். கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம். காலையில் கேழ்வரகுக் களியோ கூழோ கிடைக்கும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பையில் கடலை மிட்டாயும் கொஞ்சம் அவலும் வைத்துக்கொண்டால் மதியம்வரை தாங்கும். ஆனால் தண்ணீரின் எடையைக் குறைக்க நினைக்காதீர்கள். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்பது சாதாரண நாளின் கணக்கு. வெயில் ஏறினால் அது ஒரு லிட்டரை நெருங்கும். மூன்று லிட்டருடன் கிளம்புங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைசுற்றும். உப்புப் போட்ட நீர்மோர், அது இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

இங்கே இந்த மண்ணுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. பல்லையும் எலும்பையும் பாதிக்கும் அந்த நோயைத் தடுக்கத்தான் ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நடையாளர்கள் கொண்டுபோகும் சிறு வடிகட்டியாலும் போகாது. ஓரிரு நாள் குடிப்பதால் தீங்கு வந்துவிடாது என்றாலும், தேர்வு இருக்கும்போது ஆழ்துளைக் குழாயை விட்டு, ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். எந்தக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

படி 5: விடியும் முன் கிளம்பாதீர்கள்

விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்ற விதியை மீறலாம் என்று சொல்ல மாட்டேன். மீறியே ஆக வேண்டும். வெளிநாட்டு நடையாளர்களுக்கும், ஏன், பழநிக்குப் பாதயாத்திரை போகும் நம் மக்களுக்கும்கூட, இருட்டில் கிளம்பி வெயிலுக்கு முன் தூரத்தைக் கடப்பது வழக்கம். பெரும் கூட்டமாக, வெளிச்சமும் பாட்டுமாக, நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது சரி. இருவர் மூவராகக் கிராமச் சாலையில் நடப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் அது பொருந்தாது. கேழ்வரகு அறுவடைக் காலத்தை ஒட்டி ஆண்டுதோறும் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வருகின்றன. நடக்க ஏற்றவை என்று நான் சொன்ன அதே மாதங்கள்தாம் அவை. மேலகிரிக் காடுகளை ஒட்டிய ஊர்களில் யானை வயலுக்கு இறங்குவது இரவில். காட்டுக்குத் திரும்புவது விடியலில். நீங்கள் கிளம்ப நினைக்கும் நேரமும் அதுதான்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, முதல் டீக்கடையில் நின்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். “தம்பி, ராத்திரி ஆனை எறங்கியிருக்கு, இப்ப அந்தப் பக்கம் போவாதீங்க” என்று ஒருவர் சொன்னால் அன்றைய திட்டத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஈரம் காயாத யானை லத்தியையோ புதிதாக ஒடிந்த கிளைகளையோ கண்டால், நின்று படம் எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். காதில் இயர்போன் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குள் ஊருக்குள் இருங்கள்.

குறுக்கு வழி என்று வயலுக்குள் புகவும் கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அப்படி ஒரு கம்பி இருட்டில் மனிதரையும் அடையாளம் பார்க்காது.

படி 6: வேகக் கணக்கை மறந்து, காலைப் பாருங்கள்

மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு. குளிர்ந்த காற்றில், பழகிய கால்களுக்கு அது சரி. நம் வெயிலில் தொடக்க நிலையினர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு 12 முதல் 15 கிலோமீட்டருக்குமேல் திட்டமிடாமல் இருப்பது நல்லது. பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, நிழலில் மூன்று மணிவரை படுத்துவிடுங்கள்.

கூட வருபவர்களை நிறுத்தக் கூடாது என்ற கூச்சத்தால்தான் பலர் கொப்புளத்தோடு நடக்கிறார்கள். குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ சூடாக உறுத்தத் தொடங்கியதும், கொப்புளம் எழும் முன்பே, நின்றுவிட வேண்டும். ஷூவையும் காலுறையையும் கழற்றி, காலைத் துடைத்து, காற்றில் ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியை உறுத்தும் இடத்தைவிட நாற்புறமும் ஒரு விரற்கடை அகலமாக வெட்டி, அதன் நான்கு மூலைகளையும் வளைவாகக் கத்தரித்துவிடுங்கள். கூரான மூலை இருந்தால் காலுறை உரசி அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். சுருக்கம் விழாமல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காலுறையின் உட்பக்கத்தைத் திருப்பி மணலை உதறிய பிறகே மீண்டும் அணியுங்கள். இந்தப் பத்து நிமிடங்களை மிச்சம் பிடித்தவர் மறுநாள் நடையையே இழப்பார்.

படி 7: கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் தானே சுமந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் முடிப்பதே உண்மையான நடை என்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்த வைராக்கியம் நடக்காது, நடக்கவும் வேண்டாம். வாசலில் நின்று, “அம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டால், சொம்போடு வருபவர், “இந்த வெயில்ல எங்க தம்பி நடந்தே போறீங்க? செத்த ஒக்காருங்க, மோர் கொண்டாரேன்” என்பார். உட்காருங்கள். எந்த ஊர், எதற்காக நடக்கிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லுங்கள். கிளம்பும்போது பணத்தை நீட்டாதீர்கள், அது அவர்களைப் புண்படுத்தும்.

வண்டியை நிறுத்தி ஏறச் சொல்பவரிடம் மறுப்பதும் ஏறுவதும் உங்கள் காலின் நிலையைப் பொறுத்தது. பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வரையுள்ள தூரம் புதியவருக்கு ஒரே நாளில் அதிகம். பாதியில் பேருந்து ஏறிவிடலாம்; மறுநாள் விட்ட இடத்துக்கே வந்து தொடரலாம், தொடராமலும் இருக்கலாம். கேட்பவர்களிடம் மட்டும் இன்ன இடத்தில் பேருந்து ஏறினேன் என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்ன கணக்கை நம்பி அடுத்தவர் திட்டம் போடுவார்.

தருமபுரியை அடைந்த பிறகு ஒகேனக்கல்வரை நடக்கும் ஆசை வரும். அங்கிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம்வரை நடக்கலாம், அதற்கு மேல் சாலை யானை நடமாட்டமுள்ள காட்டுக்குள் இறங்குவதால் பேருந்தில்தான் போக வேண்டும். காட்டுப்பாதையிலேயே நடந்து பழக விரும்புபவர்களுக்கு, 2024-இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரம் போன்ற வழிகள் இணையவழி முன்பதிவுக்குக் கிடைக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அந்தப் பாதையில் மேலே சொன்ன மீறல் எதுவும் செல்லாது. அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும்.