காய்கறியைத் தொடாத கினிப் பன்றியைப் பழக்குவது எப்படி

காய்கறியை ஒதுக்கும் கினிப் பன்றிக்கு முதலில் பார்க்க வேண்டியது வாயைத்தான். ருசியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு. தின்னப் பிடிக்காததும் தின்ன முடியாததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதன் பற்கள், கடைவாய்ப் பற்கள் உட்பட, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். தேயாமல் கூர்முனை விட்டால் நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். ஆசையாக ஓடிவந்து, கவ்வி, கீழே போட்டுவிடுகிறதா? மோவாய் ஈரமாக இருக்கிறதா? புழுக்கை சிறுத்துப்போயிருக்கிறதா? நேற்றுவரை நன்றாகத் தின்ற காயை இன்று திடீரென மறுக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பழக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்த் திறப்பு மிகக் குறுகலானது. கடைவாய்ப் பல்லை வீட்டில் பார்த்துச் சொல்லவே முடியாது. உலர்புல்லையும் சேர்த்து எதையுமே அரை நாளாகத் தின்னவில்லை என்றால் அது அவசரம். குடல் ஓட்டம் நின்று, வாயு கட்டி, உயிருக்கே ஆபத்தாகும்.

வாயும் பல்லும் சரி, புல்லையும் பெல்லட்டையும் (கடையில் விற்கும் குச்சி வடிவ உலர் தீவனம்) நன்றாகத் தின்கிறது, காயை மட்டும் தொடவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கினிப் பன்றி வாழ்வின் முதல் சில வாரங்களில், தாய் தின்பதைப் பார்த்தும் முகர்ந்தும், எது உணவு என்று கற்றுக்கொள்கிறது. வெறும் பெல்லட்டில் வளர்ந்த ஒன்றுக்குக் கொத்தமல்லித் தழை உணவாகவே தெரியாது. வாந்தி எடுக்கவும் இயலாத விலங்கு அது. புதியதைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. மோப்பத்தாலும் மீசையாலும் உதட்டாலும்தான் உணவை அறிகிறது. ஆகவே நிறத்தை மாற்றிப் பயனில்லை. வாசனை, வடிவம், வைக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் நம் கையில் இருப்பவை.

காய் பழகும்வரை வைட்டமின் சி

மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சினையாக இருந்தால் இந்த அளவின் மேல்பக்கம். உணவில் அது அறவே இல்லாமல் போனால் இரண்டு மூன்று வாரங்களில் ஸ்கர்வி தலைகாட்டும்: முடி சொரசொரப்பாகும், மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், ஈறு கசியும். காயைப் பழக்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், அந்த இடைவெளியை முதல் நாளே அடைத்துவிட வேண்டும்.

குடிநீரில் சொட்டு மருந்து கலக்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் பட்டு வைட்டமின் சீக்கிரம் அழியும், எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது. சுவை மாறினால் சில கினிப் பன்றிகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். வைட்டமின் சி மட்டுமே உள்ள மாத்திரையையோ திரவத்தையோ மருத்துவர் சொல்லும் அளவில், ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் ஓரத்தில் மெதுவாகக் கொடுங்கள். பல வைட்டமின்கள் கலந்த மாத்திரை வேண்டாம். ஏ, டி இரண்டும் மிகுந்தால் கெடுதல். பெல்லட்டில் சேர்த்திருக்கும் வைட்டமின் சி-யும் நாள் செல்லச் செல்லக் குறையும் என்பதால் சிறிய பையாக வாங்கி விரைவில் முடிப்பது நல்லது.

பசியும் நேரமும்

கிண்ணம் நிறையப் பெல்லட் கிடந்தால் எந்தக் கினிப் பன்றியும் அறியாத காயைத் தேடி வராது. காயை மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வளர்ந்த ஒன்றுக்கு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பெல்லட் போதும். அதற்கு மேல் கொடுத்துவந்திருந்தால் ஒரே நாளில் வெட்டாமல், ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். உலர்புல்லைக் குறைக்கவே கூடாது. பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்ற யோசனை பூனை, நாயிடம்கூடத் தவறு. கினிப் பன்றியிடம் அது உயிரோடு விளையாடுவது. அதன் குடல் ஓயாமல் நார் வந்துகொண்டிருந்தால்தான் இயங்கும். உலர்புல் என்பது டிமோத்தி போன்ற உலர்த்திய புல். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உலர்புல்லுக்குப் பதிலாக ஆகாது.

விடியலிலும் அந்தி நேரத்திலும் இவை சுறுசுறுப்பாக இருக்கும். காயை அப்போது வையுங்கள், பெல்லட்டை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொடுத்தால் வாசனையே எழாது. கழுவி, நீரை உதறி, அறைச்சூட்டில் கால் மணி நேரம் வைத்த பிறகு கொடுங்கள். எதையும் பச்சையாகவே கொடுக்க வேண்டும், வேகவைத்தது கூடாது.

முதல் காய்

கொத்தமல்லித் தழை, ரோமெய்ன் லெட்டூஸ் (நீண்ட இலை கொண்ட சாலட் கீரை), தோலோடு வெள்ளரி, மருந்து தெளிக்காத பசும்புல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புல்லை ஏற்கெனவே தின்கிற உயிருக்குப் பசும்புல்லே எளிய பாலம். அதைக் கையால் பறிக்க வேண்டும். இயந்திரம் வெட்டிக் குவித்த புல் சீக்கிரம் சூடேறிப் புளிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே காய். மூன்று நான்கைக் கலந்து வைத்தால் எது பிடித்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும். இலையென்றால் நகத்தளவு போதும்; ஓரத்தைக் கிழித்தோ விரலால் கசக்கியோ வைத்தால் மணம் வெளியேறும். குடைமிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். ஒரு முனையைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டே மெல்வது இவற்றின் வழக்கம் என்பதால், சதுரத் துண்டைவிடக் கீற்று எடுபடும்.

அதே காயை, அதே இடத்தில், நாள்தோறும் இரண்டு வாரமாவது வையுங்கள். பெரும்பாலோர் மூன்றாம் நாளே மனம் தளர்ந்து வேறு காய்க்கு மாறுகிறார்கள். அந்த விலங்குக்கோ ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாகவே இருக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், வாடியதும் அழுகியதும் வயிற்றைக் கெடுக்கும். எடுக்கும்போது துண்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பல் பட்ட சிறு தடம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. முழுத் துண்டையும் தின்ற பிறகே அளவைக் கூட்டலாம். வளர்ந்த ஒன்றுக்கு நாளுக்கு ஒரு கப் காய்கறி என்ற அளவைச் சில வாரங்களில் எட்டினால் போதும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் துணை தேடுங்கள். காய் தின்னும் இன்னொரு கினிப் பன்றி பக்கத்தில் நின்று மென்றால் அதைவிட நல்ல ஆசான் கிடையாது. அதன் வாயிலிருந்து பறித்துத் தின்னும் திருட்டைத் தடுக்காதீர்கள், நமக்கு வேண்டியது அதுதான். துணை இல்லையென்றால் கீற்றை உலர்புல்லுக்குள் செருகி வையுங்கள், புல்லின் மணம் ஏறும். ஏற்கெனவே தின்னும் இலைக்குள் புதிய காயின் மெல்லிய கீற்றைச் சுருட்டிக் கொடுப்பதும் பலிக்கும். குடைமிளகாயில் சிவப்பை மறுப்பது பச்சையைத் தின்னலாம். கொத்தமல்லியில் இலையை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் விரும்புவதும் உண்டு. வாய்க்குள் திணிக்க மட்டும் செய்யாதீர்கள். அதன்பின் கையைக் கண்டாலே ஓடும்.

எங்கே தவறுகிறது

வெள்ளரியை மட்டும் தின்று, மற்றதைத் தள்ளுவது அடிக்கடி நேர்வது. வெள்ளரி பெரும்பாலும் நீர்தான், வைட்டமின் சி சொற்பம். அதைக் கடைசியாக, புதிய காயை முகர்ந்த பிறகு சிறிதளவு கொடுங்கள். நாம் எட்ட நினைப்பது குடைமிளகாய்: 25 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 20 மில்லிகிராமும், சிவப்பில் 30 மில்லிகிராமும் வைட்டமின் சி உண்டு. நாள்தோறும் அந்த ஒரு துண்டைத் தின்னத் தொடங்கிவிட்டால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சிரிஞ்சை நிறுத்தலாம்.

புழுக்கை மென்மையானால் அளவை வேகமாகக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவகாசம் கேட்கின்றன. காயை முழுதாக நிறுத்தி, உலர்புல்லும் நீரும் மட்டும் கொடுத்து, புழுக்கை கெட்டியான பிறகு பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். நீராகவே போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிரக்கோலி மூன்றும் அளவு மீறினால் வாயு கட்டும். வயிறு மத்தளம் போல விறைத்து, ஓரிடத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்தால் உடனே மருத்துவம் வேண்டும். பசலைக் கீரை, பார்ஸ்லி போன்றவற்றை விரும்பித் தின்கிறதே என்று தினமும் கொடுக்காதீர்கள். பார்ஸ்லியில் கால்சியமும் பசலையில் ஆக்சலேட்டும் மிகுதி. சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வழி வகுக்கலாம். வாரத்தில் ஓரிரு முறை சிறிதளவு போதும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, கழிக்கும்போது கீச்சிட்டாலோ கல்லைச் சந்தேகியுங்கள். கேரட்டிலும் பழத்திலும் சர்க்கரை அதிகம். வாரம் ஓரிரு மெல்லிய துண்டு தின்பண்டமாகக் கொடுக்கலாம், ஆனால் பழக்குவதற்குத் தூண்டிலாக்கினால் இனிப்பை மட்டுமே தேடும்.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளியின் இலையும் தண்டும், ரூபார்ப் (புளிப்புத் தண்டுள்ள ஒரு செடி), அவகாடோ இவற்றை ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது.

பழக்கும் நாட்களில் சமையலறைத் தராசில் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். பழகிய பிறகு வாரம் ஒருமுறை போதும். 50 கிராம் குறைந்தால் பெல்லட்டைக் குறைப்பதை நிறுத்துங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விலங்கு எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நோயை மறைப்பதில் இவை வல்லவை. தராசு முன்னதாகவே சொல்லிவிடும்.

ஒரு காயை ஏற்றுக்கொண்டதும் அதைச் சுழற்சியில் வைத்திருங்கள். பல மாதம் கண்ணில் படாத காய் மறுபடி அந்நியமாகிவிடலாம். வீட்டில் குட்டிகள் இருந்தால், தாய்க்கு வைக்கும் காய்களைத் தாழ்வான தட்டில், அவற்றுக்கும் எட்டும்படி, பல வகையாக வையுங்கள். பிறந்த ஓரிரு நாளிலேயே அவை தாயோடு சேர்ந்து கொறிக்கத் தொடங்கும்.