ஸெத்ரென் பொட்டலம் கட்டும் முறை

மொரீஷியஸில் எங்கள் ரோஸ்ஹில் வீட்டில் புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து காலில் விழுவோம். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இந்தா ஸெத்ரென்" என்று காசை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். இப்போது பல வீடுகளில் அது வெறும் உறையாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் பேரப்பிள்ளைகளுக்கு நானே பொட்டலம் கட்டுகிறேன்.

புத்தாண்டுப் பரிசைக் குறிக்கும் ஸெத்ரென், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற சொல். 1810-இல் ஆங்கிலேயர் மொரீஷியஸைப் பிடித்த பிறகும் அது போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் 'எத்ரென்' லத்தீன் 'ஸ்த்ரேனா'விலிருந்து வந்தது. ரோமானியர் புத்தாண்டில் கொடுத்த நற்சகுனப் பரிசு அது. தொடக்கத்தில் ஸ்த்ரேனியா என்ற தெய்வத்தின் தோப்பில் ஒடித்த பசுங்கிளைகளையே கொடுத்தார்கள் என்பார்கள். பிறகு பேரீச்சை, உலர்ந்த அத்தி, தேன், காசு. தொடங்கும் ஆண்டு இனிப்பாகவே நடக்கட்டும் என்பதற்காக இவற்றைக் கொடுப்பதாகக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார். சித்திரை முதல் நாளில் நாம் வைக்கும் வெல்லத்துக்கும் இதே எண்ணம்தானே!

ஒரு பிள்ளைக்கு மூன்று பேரீச்சை, இரண்டு அத்தி போதும். வெண்ணெய்த்தாளில் சுற்றுங்கள். தேனைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இறுக மூடுங்கள். ஒரு வருடம் பிளாஸ்டிக் உறையில் கட்டினேன். ரோமாபுரியின் ஜனவரி குளிர்காலம், நம்முடையது கொளுத்தும் கோடை. தேன் கசிந்து எறும்பு மொய்த்துவிட்டது. பசுங்கிளைக்குப் பதில் ஒரு மாவிலைக் கொத்து. லிச்சி மிச்சமிருந்தால் அதையும் சேர்க்கலாம்.

பணத்துக்கு நூறு ரூபாய் நோட்டைத்தான் வைப்பேன். அதில் இருப்பவர் நம் மொரீஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன். தமிழ் எழுத்தும் அச்சாகியிருக்கிறது. கொடுக்கும்போது அந்தத் தமிழை விரலால் தொட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தமிழை வாரத்தில் ஒரு மணி நேரப் பாடமாக மட்டும் அறிந்த பிள்ளைக்கு, அது தன் நாட்டுப் பணத்திலேயே இருக்கிறது என்று தெரியும் அந்தக் கணத்துக்காகவே நான் இவ்வளவும் செய்கிறேன்.

தபால்காரருக்கும் குப்பை வண்டித் தொழிலாளர்களுக்கும் டிசம்பர் கடைசி வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஜனவரி முதல் தேதியோடு ஸ்த்ரேனா பரிமாற்றத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பேரரசர் திபேரியஸ் ஆணையிட்டாராம். நமக்கு 2-ஆம் தேதியும் விடுமுறை. அன்று வரும் உறவுப் பிள்ளைகளுக்கு நான்கு பொட்டலம் கூடுதலாகக் கட்டி வையுங்கள்.