இருட்டில் அகச்சிவப்புப் படம்: லென்ஸ் மூடியை நம்பாதீர்கள்

இரவில் மலரும் பூவை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் போடாமல் படமெடுக்க விரும்பினேன். இதற்கு வெப்பப் படக்கருவி வேண்டாம். அது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகளுக்கானது. சாதாரணச் சிலிக்கான் சென்சாரே சுமார் 1100 நானோமீட்டர் வரை உணரும்.

படி 1: சென்சார். என் தேர்வு சோனியின் ஐஎம்எக்ஸ்462. அண்மை அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்துள்ள அலைகளில், அதன் உணர்திறன் அபாரம். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கேமராவாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 2: விளக்கு. 850 நானோமீட்டர் எல்இடி போதும். 940 கண்ணுக்கே தெரியாது என்று பலர் அதை நாடுகிறார்கள். அங்கே சிலிக்கானின் உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். மங்கலான சிவப்புப் புள்ளி தெரிந்தால் பூவுக்கு என்ன நட்டம்?

படி 3: குவியம். பகலில் சரிசெய்து வைக்காதீர்கள். அகச்சிவப்பில் குவியம் சற்றே தள்ளி விழும். அந்த விளக்கிலேயே சரிசெய்யுங்கள்.

படி 4: இருட்டுப் படங்கள். ஒளியே படாதபோதும் சென்சாரின் வெப்பத்தால் பிக்சல்களில் மின்னூட்டம் சேரும். இதைத்தான் இருட்டு மின்னோட்டம் என்பார்கள். ஆகவே லென்ஸை மூடி, அதே ஒளிபடு நேரத்திலும் அதே சைகைப் பெருக்கத்திலும் (gain) இருபது படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியை உண்மைப் படத்திலிருந்து கழிக்க வேண்டும்.

மூன்று இரவுகள் நான் இங்கேதான் தவித்தேன். கழித்த பிறகு படத்தின் நடுப்பகுதி கறுத்துப்போனது. மென்பொருளை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுப் படம் எடுத்தபோது கோளாறு மறைந்தது. குற்றவாளி லென்ஸ் மூடிதான்! கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் பிளாஸ்டிக்குகளில் பல, அகச்சிவப்பை ஊடுருவ விடுகின்றன. இப்போது மூடியின் மேல் அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன், விளக்கையும் அணைத்துவிடுகிறேன்.

இருட்டுப் படங்களை மறுநாள் பகலில் எடுக்கவும் கூடாது. சென்சார் ஏழெட்டு டிகிரி சூடேறினாலே இந்த இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பூவை எடுத்த கையோடு, சென்சாரின் சூடு மாறுமுன் எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: படம் முழுக்க வெண்புகை படர்வதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்ததில், எல்லோருமே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு லென்ஸுக்கே திரும்புகிறது. விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். பூவின் இலைகள் வெள்ளையாகத் தெரிவது மட்டும் கோளாறில்லை. பச்சை இலை அகச்சிவப்பை அப்படித்தான் அள்ளித் திருப்பும்.